கரும்புக் கொல்லை வழியே ஆபீஸ்

மூன்றாவது சம்பந்தமும் கைநழுவிப் போன பிறகுதான் அஞ்சம்மாளுக்கு விஷயம் பிடிபட்டது. பையன் திருமுருகனின் ஜாதகத்தில் ஒரு குறையும் இல்லை. உயரம் இருந்தது, தலையில் முடி இருந்தது. இருபத்தொன்பது வயதில் இது இரண்டும் ஒருவனிடம் இருப்பதே பெரிய காரியம். மெத்தை வீடு, இரண்டரை ஏக்கர் கரும்பு, கறவையில் இரண்டு மாடு. இத்தனையையும் கெடுத்தது ஊர்முனையில் அம்மணி என்பவள் வைத்திருந்த டீக்கடை.

பெண் வீட்டார் வீட்டுக்கு வந்து கேசரி சாப்பிடுவதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். பையனை அவர்கள் நிஜமாகப் பார்ப்பது டீக்கடையில். சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் வந்து இறங்குவார். ஒரு டீ சொல்வார். பேப்பரைப் புரட்டிக்கொண்டே, "இந்தச் சீனுவாசன் வூட்டுப் பையன் எப்படிங்க?" என்று பேச்சை இழுப்பார். குடி உண்டா, சண்டை சச்சரவு உண்டா, எங்காவது காதல் கீதல் உண்டா என்ற எல்லாக் கேள்விக்கும் அம்மணி நல்லபடியாகத்தான் பதில் சொல்வாள். கடைசிக் கேள்வியில்தான் வழுக்கும்.

"பையன் வேலைக்கு எங்க போறாரு?"

"வேலைக்கா? வூட்லதான் இருக்காரு."

வந்தவர் மிச்ச டீயைக் குடிக்காமலே கிளம்பிவிடுவார். இரண்டு நாளில் தரகரிடமிருந்து, "பொண்ணு மேல படிக்கணுங்குது" என்று சேதி வரும். மூன்று பெண்களும் மேலே படிக்கக் கிளம்பிவிட்டார்கள். அதில் ஒருத்தி ஏற்கெனவே இரண்டு பட்டம் வாங்கியவள்.

திருமுருகன் வீட்டில் இருந்தான் என்பது பொய்யில்லை. சும்மா இருந்தான் என்பதுதான் பொய். சென்னையில் ஒரு கம்பெனி வங்கிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தது. எழுதியது ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதித்துப் பார்ப்பது இவன் வேலை. கொரோனா சமயத்தில் ஒரு தோள்பையோடு கூட்டேரிப்பட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கியவன் திரும்பிப் போகவே இல்லை. கம்பெனி ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தது. இவனும் கூட வேலை பார்த்த இவன் வயதுப் பிள்ளைகளும் ஒன்றாகச் சேர்ந்து முடியாது என்று எழுதிப் போட்டார்கள். வேலை ஒழுங்காக நடந்ததால் கம்பெனியும் விட்டுவிட்டது.

"ஏன்டா, ஊரு உலகத்துல எல்லாரும் ஆபீசுக்குப் போறாங்க. உனக்கு மட்டும் இன்னா நோவு?" என்று அஞ்சம்மாள் கேட்காத நாளில்லை.

"அங்க போனாலும் இதே கம்ப்யூட்டருதாம்மா. பக்கத்து சீட்டுல ஒக்காந்திருக்கிறவன்கூட எங்கிட்ட பேசணும்னா மெசேஜுதான் போடுவான். அந்த மெசேஜ வாங்கறதுக்கு நான் வேளச்சேரியில ஒரே ரூமுல அஞ்சு பேரோட படுத்துக்கினு, குளிக்கறதுக்கு லைன்ல நின்னு, பஸ்ல ரெண்டு மணி நேரம் தொங்கிக்கினு போவணுமா?"

"மத்தவங்க போவல?"

"அவங்களுக்கும் புடிக்கலம்மா. வேணும்னா கேட்டுப் பாரு."

அஞ்சம்மாள் யாரையும் கேட்கப் போகவில்லை. யாருக்குப் பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்பதா இங்கே பிரச்சினை? டீக்கடைக்கு எது வேலை என்பதுதான் பிரச்சினை. காலையில் ஒருவன் தலை சீவி, பேண்ட் போட்டு, சோற்றுக் கேரியரோடு தெருவில் நடக்க வேண்டும். சாயங்காலம் தோள் தொங்கத் திரும்பி வர வேண்டும். இடையில் அவன் என்ன செய்தான் என்று ஊர் கேட்காது. அறைக்குள் உட்கார்ந்து காதில் எதையோ மாட்டிக்கொண்டு இங்கிலீஷில் தனக்குத் தானே பேசுகிறவனை எந்த ஊர் வேலைக்காரன் என்று ஒத்துக்கொள்ளும்? எல்லாவற்றையும் யோசித்து அவள் ஒரு திட்டம் போட்டாள். அவள் வயதில் மற்ற பெண்கள் கோயிலுக்கு வேண்டிக்கொள்வார்கள். அஞ்சம்மாளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

"டேய் திரு, நாளையிலருந்து நீ ஆபீசுக்குப் போற."

"எந்த ஆபீசுக்கு?"

"உன் கம்பெனி விழுப்புரத்துல ஒரு கிளை தொறந்திருக்கு. நேத்தே அம்மணிகிட்ட சொல்லிட்டேன்."

திட்டம் இதுதான். காலை எட்டேமுக்காலுக்குத் திருமுருகன் இஸ்திரி போட்ட சட்டை, ஷூ, கழுத்தில் பழைய அடையாள அட்டை, கையில் கேரியர் சகிதம் வாசல் வழியாகக் கிளம்ப வேண்டும். டீக்கடையைத் தாண்டி, கூட்டேரிப்பட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போகிற தினுசில் நடக்க வேண்டும். ரோட்டு வளைவு வந்ததும் சட்டென்று தங்கள் கரும்புக் கொல்லைக்குள் இறங்கிவிட வேண்டும். வரப்போடு நடந்தால் ஏழாவது நிமிஷம் மாட்டுக்கொட்டகை. அதன் பின்கதவு வழியாக வீடு. ஒன்பது மணிக்கு வேலையில் உட்கார்ந்துவிடலாம். சாயங்காலம் இதே பயணம் தலைகீழாக.

"வேலையில இருக்கிறவனை வேலைக்குப் போற மாதிரி நடிக்கச் சொல்றவ இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்திதான்" என்றார் அவள் புருஷன் சீனுவாசன். அதற்கு மேல் அவர் தலையிடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் பின்பற்றி வந்த கொள்கை அது.

திருமுருகன் முதலில் வாய்விட்டுச் சிரித்தான். அம்மா இரண்டு வேளை சாப்பிடாமல் படுத்ததும் சிரிப்பு நின்றது. ஒரு மாதம்தான் என்று சொல்லி ஒத்துக்கொண்டான். ஒரு மாதம் நாலு மாதம் ஆயிற்று.

நடிக்கத் தெரியாதவனை வைத்துக்கொண்டு அஞ்சம்மாள் பட்ட பாடு கொஞ்சமில்லை. சாயங்காலம் பளபளவென்று வந்து நிற்பான். "சிரிச்சிக்கினு வராதடா. ஆபீசு போன எவன் சிரிச்சிக்கினு வரான்?" என்று கொட்டகையில் நிறுத்தி, தலையைத் தன் கையாலேயே கலைத்துவிட்டு, சட்டையை ஒரு பக்கம் வெளியே இழுத்துவிட்டு அனுப்புவாள். கரும்பின் காய்ந்த இலைச் சோகை தன் பங்குக்கு அவன் கழுத்திலும் கையிலும் கீறிவிடும். கேரியரில் இருக்கும் தயிர்சோற்றை அவன் தன் வீட்டுக் கூடத்திலேயே மதியம் திறந்து சாப்பிட்டான். சூடாக ரசம் கேட்டால், "ஆபீசுல ரசம் ஏது?" என்பாள்.

நாலாவது மாதத்தில் புனிதாவின் ஜாதகம் வந்தது. திண்டிவனத்தில் இருக்கும் அஞ்சம்மாளின் ஒன்றுவிட்ட தங்கை கலையரசி கொண்டுவந்த இடம். பெண்ணும் அதே ஊர்தான், கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள், தகப்பன் இல்லை, தாய்மாமன் வெங்கடாசலம்தான் எல்லாம். மயிலம் மலைக்கோயிலில் வைத்துப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடாயிற்று.

முந்தின நாளே அஞ்சம்மாள் பாடம் நடத்தினாள். "வேலையப் பத்திக் கேட்டா விழுப்புரம் கிளைன்னு சொல்லணும். புரிஞ்சுதா?" அவன் தலையாட்டினான்.

கோயிலில் இரண்டு பேரையும் மண்டபத்துப் பக்கம் பேச விட்டுவிட்டுப் பெரியவர்கள் படியில் உட்கார்ந்தார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. ஆனால் அந்தப் பெண் இரண்டு தரம் சிரித்தாள். இரண்டாவது சிரிப்பு நல்ல நீளச் சிரிப்பு. பத்து நிமிஷம் என்று போனவர்கள் அரை மணிக்கு மேல் பேசினார்கள். திரும்பி வரும்போது வண்டி ஓட்டிக்கொண்டே திருமுருகன் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தான். அவன் பாடி அஞ்சம்மாள் கேட்டதே இல்லை.

"வேலையப் பத்திக் கேட்டாளா?"

"அதைப் பத்திதாம்மா பேசினோம்."

"சரியா சொன்னியா?"

"எல்லாம் சரியாதான் சொன்னேன்."

அந்த வாரமே அம்மணி கடையில் ஒரு புது ஆள் தென்பட்டார். வெள்ளைச் சட்டை, மஞ்சள் பை, அளவாக வெட்டிய மீசை. மயிலத்தில் பார்த்த அதே வெங்கடாசலம். தூரத்திலிருந்தே அஞ்சம்மாள் அடையாளம் கண்டுகொண்டாள். மூன்று நாள் வந்தார். ஒரு சம்பந்தத்துக்கு மூன்று நாள் விசாரிக்கிறார்கள் என்றால் எவ்வளவு பெரிய கவுரவம்! அவள் உச்சி குளிர்ந்து போனாள். மூன்று சாயங்காலமும் மகன் தலையை வழக்கத்தைவிட அதிகமாகவே கலைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை கலையரசியிடமிருந்து போன் வந்தது.

"யக்கா, உன் புள்ள கரும்புக் கொல்லைக்குள்ள யாரை வெச்சிக்கினு இருக்கான்?"

அஞ்சம்மாள் கொட்டகைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கலையரசி மூச்சுவிடாமல் சொன்னாள். வெங்கடாசலம் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஆள் எங்கே ஏறி எங்கே இறங்குகிறான் என்று தெரியாமல் அவருக்குத் தூக்கம் வராது. மலைமேல் பையன், "வீட்டிலிருந்து வேலை" என்று புனிதாவிடம் சொல்லியிருக்கிறான். முதல் நாள் டீக்கடையில் விசாரித்தால், "தினம் விழுப்புரம் ஆபீசுக்குப் போறாரு" என்கிறார்கள். சரி, கூடவே போய் ஆபீஸைப் பார்த்துவிடலாம் என்று இரண்டாம் நாள் ஸ்டாப்பில் போய் நின்றார். பையன் வரவே இல்லை. பஸ் கண்டக்டரைக் கேட்டால், அப்படி ஒரு ஆள் என் வண்டியில் ஏறியதே இல்லை என்கிறார். மூன்றாம் நாள் தள்ளி நின்று பின்னாலேயே நடந்தார். மாப்பிள்ளை மாதிரி உடுத்திக்கொண்டு கரும்புக்குள் போனவன் வெளியே வரவில்லை. சாயங்காலம் ஆறே முக்காலுக்குத் தலை கலைந்து, சட்டை பிதுங்கி, கழுத்தில் கீறலோடு வந்திருக்கிறான்.

"பத்து மணி நேரம் கரும்புக்குள்ள இன்னாக்கா பண்றான்? சோத்துக் கேரியர் வேற எடுத்துக்கினு போறானாம். அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லிடுச்சு."

தலையைக் கலைத்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கலையரசி போனை வைத்துவிட்டாள்.

எல்லாவற்றையும் கேட்டதும் திருமுருகன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பாள். அவன் கொட்டகைக்கு வந்து தீவனத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தான்.

"அதான் நேத்துலருந்து நான் போட்ட மெசேஜ் எதையும் பாக்கலையா? போன் பண்ணாலும் எடுக்கல." மாட்டின் நெற்றியைத் தடவிக்கொண்டே, "எனக்கு அந்தப் பொண்ண ரொம்பப் புடிச்சிருந்துதும்மா" என்றான்.

இது வேண்டும் என்று அவன் வாய்விட்டு எதையும் கேட்டதே இல்லை. தீபாவளிச் சட்டைக்குக்கூட, "உன் இஷ்டம்" என்பவன்.

"நான் சொன்ன மாதிரி விழுப்புரம்னு சொல்லியிருந்தா இந்தப் பேஜாரே இல்லையேடா."

"அப்பவே வேணாம்னு சொல்லியிருப்பா. வூட்லருந்து வேலைன்னு சொன்னதுக்குதாம்மா அவ சிரிச்சா. அப்படி ஒருத்தன் கெடைப்பானான்னு பாக்கத்தான் மலைக்கே வந்தாளாம்."

இவள் நாலு மாதமாக ஒளித்து வைத்த ஒன்றைத் தேடித்தான் அந்தப் பெண் வந்திருக்கிறாள். அஞ்சம்மாளுக்குத் தன்னையே நாலு சாத்து சாத்த வேண்டும் போலிருந்தது.

மறுநாள் ஞாயிறு. வேகவைத்த மல்லாட்டைக் கடலை ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் திண்டிவனம் பஸ் ஏறினாள். ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்த தெருவில் பெண் வீட்டைக் கண்டுபிடித்தபோது வெங்கடாசலமே கதவைத் திறந்தார். உட்காரச் சொல்வதற்கு முன்பே அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். டீக்கடை, மேலே படிக்கப் போன மூன்று பெண்கள், கரும்பு, கொட்டகை, தலை கலைத்தது, ரசம் கொடுக்காதது வரை.

வெங்கடாசலம் மீசையைத் தடவினார். "முப்பது வருஷ சர்வீஸும்மா. டிக்கெட் எடுக்காதவன் ஆயிரம் கதை சொல்லுவான். இந்த மாதிரி ஒண்ண நான் கேட்டதே இல்ல."

"கதை இல்லண்ணே, சத்தியம்."

உள்ளேயிருந்து புனிதா வந்தாள். மயிலத்தில் பார்த்தபோது கவனிக்காத ஒன்றை அஞ்சம்மாள் இப்போது கவனித்தாள். அந்தப் பெண்ணின் கண்ணுக்குக் கீழே கருவளையம் கட்டியிருந்தது.

"நான் தினம் நாலு மணிக்கு எழுந்துக்கறேன் ஆன்ட்டி. பாசஞ்சரைப் பிடிச்சு தாம்பரம், அங்கேருந்து வேற ரயில். போக ரெண்டரை மணி நேரம், வர ரெண்டரை. நின்னுக்கினே தூங்கக் கத்துக்கிட்டேன். ஒருநாள் தூக்கத்துல யாரோ ஒரு அம்மா தோள்மேல சாய்ஞ்சிட்டேன். அவங்களும் தூங்கிக்கினுதான் இருந்தாங்க." சிரித்தாள். சிரிப்பு உடனே போய்விட்டது. "தை மாசத்துலருந்து வீட்டுலருந்தே செய்யலாம்னு எங்க கம்பெனியில சொல்லிட்டாங்க. கட்டிக்கிறவரும் அப்படி இருந்தா நல்லா இருக்கும்னு நெனச்சேன். ரெண்டு பேரும் ஓடிக்கினே இருந்தா எப்பதான் பேசறது?"

"என் புள்ள பேசுவாம்மா. நல்லாவே பேசுவான்" என்றாள் அஞ்சம்மாள் அவசரமாக.

"அவரு பேசுவாரு. நீங்கதான் வெக்கப்பட்டு அவரைக் கரும்புக்குள்ள அனுப்பறீங்க. நாளைக்கு நானும் வீட்டுல ஒக்காந்தா என்னையும் அனுப்புவீங்களா?"

இல்லை என்று உடனே சொல்ல அஞ்சம்மாளால் முடியவில்லை. உண்மையைச் சொன்னால், பஸ்ஸில் வரும்போதே அவள் அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்திருந்தாள். இரண்டு பேராகப் போனால் ஊர் இன்னும் நன்றாக நம்பும் என்றுகூடத் தோன்றியிருந்தது. அந்த நினைப்பு முகத்தில் தெரிந்ததோ என்னவோ, புனிதாவே ஒரு வழி சொன்னாள்.

"எங்ககிட்ட சொன்னதை உங்க ஊர் டீக்கடையில சொல்லுங்க ஆன்ட்டி. நாளைக்குக் காலையில மாமா அங்க இருப்பாரு. அப்புறம் நான் சொல்றேன்."

திங்கட்கிழமை எட்டரை மணிக்கு, மகனை வீட்டைவிட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டு அஞ்சம்மாள் தெருவில் இறங்கினாள். இரண்டு நிமிஷ நடைதான். அன்றைக்கு அது மயிலம் மலைப்படி மாதிரி ஏறிக்கொண்டே போயிற்று. கடையில் எட்டு பேர் இருந்தார்கள். வெங்கடாசலம் பெஞ்சின் ஓரத்தில் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். அத்தனை பேரும் இவள் வந்த தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்றாள். "என் புள்ள விழுப்புரத்துக்கும் போவல, எங்கயும் போவல. கிளையும் இல்ல ஒண்ணும் இல்ல. வூட்ல ஒக்காந்துதான் வேலை பாக்கறான். கரும்புக்குள்ள பூந்து கொல்லைப் பக்கமா வூட்டுக்குத்தான் வரான். நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன். தப்பு என்னுது."

யாரும் ஆச்சரியப்படவில்லை. அம்மணி டீயை ஆற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"அப்ப இன்னிக்கு வரமாட்டானா? இவங்கல்லாம் அதுக்குத்தானே ஒக்காந்திருக்காங்க."

"இன்னாது?"

"மொத வாரமே தெரியும்க்கா. சோகை உரிக்கப் போன பொம்பளைங்க பாத்துட்டாங்க. தம்பி ஷூவுல சேறு படாம வரப்புல ஒத்தக் காலைத் தூக்கிக்கினு போற அழகைப் பாக்கறதுக்குன்னே நாலு டீ கூட ஓடுது."

"அடிப்பாவி. அப்புறம் ஏன்டி இவருகிட்ட ஆபீசுக்குப் போறான்னு சொன்ன?"

அம்மணி பாய்லர் மேல் டம்ளரை வைத்தாள். "முன்ன மூணு பேருகிட்ட உள்ளத உள்ளபடி சொன்னேன். மூணும் போச்சு. நீ மொகம் குடுத்துக்கூட எங்கிட்ட பேசல. எனக்கும் மனசு கேக்கல. நீ வேற இவ்ளோ பாடுபட்டு நடத்திக்கினு இருக்க. நாம கெடுக்கக் கூடாதுன்னு எல்லாருமா பேசி வெச்சிக்கினோம்."

அஞ்சம்மாளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஊரை ஏமாற்றுவதாக அவள் நினைத்துக்கொண்டிருந்த நாலு மாதமும் ஊர் அவளைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. வெங்கடாசலம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் டீ வேட்டியில் சிந்தியது. துடைத்துக்கொண்டே போனை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டுப் பெஞ்சின் மேல் வைத்தார். அந்தப் பக்கம் ரயில் சத்தமும் கூட்டத்து இரைச்சலும் கேட்டன.

"புனிதா, சொல்லிட்டாங்கம்மா. எட்டு பேரு சாட்சி. பையன் கரும்புக்குள்ள யாரையும் வெச்சிக்கல."

அஞ்சம்மாள் போனையே பார்த்தாள்.

"மாமா," என்றது போன், "எனக்குச் சம்மதம். எழுத வேண்டியதெல்லாம் எழுதிக்கினு வந்துடுங்க."

வெங்கடாசலம் மஞ்சள் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும், எல்லோரும் முதலில் கேட்பது யாருக்கு என்ன வேலை என்பதைத்தான் என்று சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்தார். "பையன், வீட்டிலிருந்து வேலை. அப்பா, விவசாயம். அம்மா நீங்க இன்னா பண்றீங்க?"

"நானா?" என்றாள் அஞ்சம்மாள். "நான் இன்னாத்த பண்றேன். சும்மா வூட்லதான் இருக்கேன்."

போனிலிருந்து சிரிப்பு வந்தது. மயிலத்தில் கேட்ட அதே நீளச் சிரிப்பு.

"அத்தை, இன்னிக்கு எத்தினி மணிக்கு எழுந்தீங்க?"

அத்தை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அஞ்சம்மாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் கேட்டதற்கெல்லாம் கடகடவென்று பதில் சொன்னாள். "நாலு மணிக்கும்மா. மாடு கறக்கணும், சொசைட்டிக்குப் பால் ஊத்தணும், சாணி வாரணும். கரண்டு இருக்கும்போதே கரும்புக்குத் தண்ணி பாய்ச்சணும். அப்புறம் சோறு ஆக்கி, மாட்டுக்குப் புல்லு அறுத்து, மதியம் களை வெட்டப் போய், சாயங்காலம் மறுபடியும் கறந்து..."

பாதியில் நிறுத்தினாள். முப்பத்திரண்டு வருஷமாக யார் கேட்டாலும் 'சும்மா இருக்கேன்' என்ற பதிலைத்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள், அதுவும் தானே வலியப் போய். வெங்கடாசலம் 'சும்மா' வரைக்கும் எழுதியிருந்தார்.

"அதை அடிச்சிடுங்கண்ணே" என்றாள் அஞ்சம்மாள். "வேலை செய்றாங்கன்னு எழுதுங்க. எங்கன்னு கேட்டா, என் புள்ளைக்கு எழுதினதையே எனக்கும் எழுதுங்க."

வெங்கடாசலம் அடித்துவிட்டு, சொன்னபடியே எழுதினார்.